ஃப்ளாட் போட்டால் மூலை இருட்டு போகாமல் வெளிச்சமாகிறது. எங்கே தப்பு?

முருங்கைக்காடு

வணக்கம். ஒன்றரை வருடமாக இந்த வானப் படக் குழுவில் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

அரவக்குறிச்சி பக்கம் தாத்தாவின் தோட்டத்து வீடு இருக்கிறது. மார்ச் அமாவாசைக்கு அங்கே போய் கரீனா நெபுலாவை எடுத்தேன். உச்சிக்கு வரும்போதே 19 டிகிரி உயரம்தான். கீழே தென்னை மட்டை, அதற்கும் கீழே திண்டுக்கல் வெளிச்சம். இருந்தாலும் விடவில்லை. ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, நமக்கு மாடியிலிருந்தே தெரிகிறது.

கேமரா கேனான் 600டி, உள்ளே எந்த மாற்றமும் செய்யாதது. 80 மிமீ ஈடி ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), எஃப்/6, பின்னால் ஃப்ளாட்னர் (ஓரத்து நட்சத்திரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸ்). ஐஎஸ்ஓ 800, 120 விநாடி, 45 படங்கள். டார்க் (மூடி போட்டு அதே 120 விநாடிக்கு எடுக்கும் இருட்டுப் படம்) எடுக்கவில்லை. குளிர்விப்பு இல்லாத கேமராவில் டார்க் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது, வேண்டாம் என்று எங்கோ படித்தேன்.

ஃப்ளாட், அதாவது மூலை இருட்டையும் தூசி நிழலையும் நீக்குவதற்காகச் சீரான வெள்ளை வெளிச்சத்தை எடுக்கும் படம், அதை மறுநாள் மதியம் கரூர் வீட்டில் எடுத்தேன். குழாயிலிருந்து கேமராவைக் கழற்றவே இல்லை, ஃபோகஸையும் தொடவில்லை. அப்படியே போர்வையில் சுற்றிக் காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். டேப்லெட்டில் வெள்ளைத் திரை, அதன் மேல் இரண்டு ஏ4 தாள், 1/60 விநாடி, அதே ஐஎஸ்ஓ 800, 30 படங்கள்.

படங்களை அடுக்கும் சிரில் மென்பொருளில் கேலிபரேஷன் பக்கத்தில் ஃப்ளாட்டை மட்டும் டிக் செய்து ஓட்டினேன். முன்பு மூலைகள் இருட்டாக இருந்தன. இப்போது மூலைகள் பளபளக்கின்றன, நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி இருட்டு. அதோடு தூசிப் புள்ளிகளும் போகவில்லை. ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்கும் பக்கத்தில் வெள்ளையாக ஒரு ஜோடி வந்து உட்கார்ந்திருக்கிறது.

சுட்டியை வைத்துப் பார்த்த எண்கள்: ஒற்றை லைட் படத்தில் (நெபுலாவை எடுத்த படம்) நடுவில் 2640, மேல் மூலைகளில் 2470. ஃப்ளாட்டில் நடுவில் 8050, மூலையில் 6260.

டேப் சரிப்படவில்லையா? ஃப்ளாட் எடுப்பதற்கென்றே விற்கும் விளக்குப் பலகையை வாங்கித்தான் ஆக வேண்டுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

டீக்கடை டெலஸ்கோப்

பலகை எல்லாம் வேண்டாம் நண்பரே. வெள்ளை பனியன் ஒன்றை இழுத்துக் கட்டுங்கள், வானத்தைப் பார்த்துத் திருப்புங்கள், ஏவி மோடில் (நேரத்தைக் கேமராவே முடிவு செய்யும்) வையுங்கள், ஹிஸ்டோகிராம் என்கிற வெளிச்ச வரைபடம் நடுவில் நின்றால் போதும். நான் ஐஎஸ்ஓ 100இல்தான் எடுப்பேன், இரைச்சல் குறைவு. டேப் திரை மினுக்கும், அதுதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

பழைய ஸ்டூடியோ

தம்பி, பலகை வாங்காதே. உன் ஃப்ளாட்டில் தப்பே இல்லை. டேப்பும் குற்றவாளி இல்லை. டேப் மினுக்கினால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும், மூலை வெளிச்சமாகாது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால்தான் பெரும்பாலும் மினுக்கும். முழு வெளிச்சத்தில் வைத்துத் தாளைக் கூட்டிக்கொள், தீர்ந்தது.

தப்பு எங்கே என்று நீ கொடுத்த நாலு எண்ணிலேயே இருக்கிறது. இப்படி எண்ணோடு கேள்வி கேட்பவர்கள் குறைவு. பாதிப் பேர் படத்தை மட்டும் ஒட்டிவிட்டு 'ஏன்?' என்பார்கள்.

முதலில் ஒன்று. உன் கேமராவில் மூடி போட்டு, ஒளியே இல்லாமல் ஒரு படம் எடுத்தாலும் பூஜ்யம் வராது. சுமார் 2048 வரும். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே தூக்கி வைத்திருக்கும் அடித்தளம் அது. இரைச்சல் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படக் கூடாது என்பதற்காக. எங்கள் ஊர் அரிசிக் கடையில் தராசில் முதலில் காலிப் படியை வைத்து எடை பார்த்துக் கழிப்பார்கள், அந்தப் படி எடை மாதிரி. அந்தப் படியின் எடையைத்தான் பயஸ் என்கிறோம்.

இப்போது கணக்கு. எளிதாக இருக்க எண்களை லேசாக உருட்டிக்கொள்கிறேன். லைட்டில் நடு 2648, மூலை 2468 என்று வை. படி எடையைக் கழித்தால் உண்மையான ஒளி நடுவில் 600, மூலையில் 420. அதாவது மூலைக்கு 70 சதவீதம்தான் வருகிறது. ஃப்ளாட்டில் நடு 8048, மூலை 6248. கழித்தால் 6000, 4200. அதுவும் 70 சதவீதம். பார், இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போகின்றன. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1 வரும், படம் சமதளமாகிவிடும். உன் ஃப்ளாட் நல்ல ஃப்ளாட் என்று சொன்னது இதனால்தான்.

நீ என்ன செய்தாய்? கழிக்காமலே வகுத்துவிட்டாய். லைட்டில் 2468ஐ 2648ஆல் வகுத்தால் 0.93. ஃப்ளாட்டில் 6248ஐ 8048ஆல் வகுத்தால் 0.78. அந்த 0.93ஐ 0.78ஆல் வகுத்தால் 1.20. மூலை நடுவைவிட 20 சதவீதம் வெளிச்சம். உன் பள்ளம் இதுதான்.

லைட்டில் இருக்கும் ஒளி கொஞ்சம், 600தான். அதில் 2048 அடித்தளம் கலந்தால் இருட்டு மூலையே தெரியாமல் மெழுகிவிடும். ஃப்ளாட்டில் ஒளி அதிகம், அதே 2048 அதை அவ்வளவாகக் கெடுக்காது. அதனால்தான் ஃப்ளாட் பெரிய திருத்தம் சொல்கிறது, லைட்டுக்கோ அவ்வளவு தேவைப்படவில்லை.

இதை வைத்தே அடுத்த முறை நோயைக் கண்டுபிடிக்கலாம். மூலை அளவுக்கு மீறி வெளுத்தால் லைட்டில் கழிக்கவில்லை. மூலை இருட்டு கொஞ்சம் மிச்சமிருந்தால் ஃப்ளாட்டில் மட்டும் கழிக்கவில்லை (0.70ஐ 0.78ஆல் வகுத்துப் பார், 0.90 வரும்). ஃப்ளாட்டில் மட்டும் கழித்து லைட்டில் விட்டுவிட்டால் இன்னும் மோசம், 1.33.

குளிர்விப்பு இல்லாத கேமராவுக்கு டார்க் வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. மார்ச் மாதத்து ராத்திரியில் சென்சார் சூடு மணிக்கு மணி மாறும். ஆனால் டார்க் எடுத்திருந்தால் அதற்குள்ளேயே அடித்தளமும் இருந்திருக்கும், அதுவே கழித்திருக்கும். டார்க்கை விட்டால் பயஸாவது வேண்டும். டார்க் வேண்டாம் என்று எழுதியவர் இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

செய்ய வேண்டியது: மூடியைப் போடு, ஐஎஸ்ஓ 800, 1/4000 விநாடி, 50 படம். இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே எடுக்கலாம், வானம் வேண்டியதில்லை. அதை அடுக்கி மாஸ்டர் பயஸ் செய்து, முதலில் ஃப்ளாட்களில் கழித்து, பெருக்கல் நார்மலைசேஷனில் ஃப்ளாட்களை அடுக்கு. அப்புறம் லைட்களுக்கு பயஸ், ஃப்ளாட் இரண்டையும் டிக் செய்து ஓட்டு. சோம்பேறித்தனமாக இருந்தால் சிரிலில் பயஸ் கட்டத்தில் =2048 என்று தட்டினாலும் வேலை நடக்கும்.

டீக்கடைக்காரர் சொன்ன ஐஎஸ்ஓ 100 தப்பில்லை. ஆனால் அப்போது ஃப்ளாட்டுக்குத் தனியாக ஐஎஸ்ஓ 100 பயஸ் எடுக்க வேண்டும். ஒரே ஐஎஸ்ஓவில் முடித்தால் ஒரு வேலை மிச்சம்.

தூசி ஜோடி வேறு வியாதி. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இதைச் செய்துவிட்டுச் சொல்.

முருங்கைக்காடு

ஐயா, ராத்திரியே உட்கார்ந்து பயஸ் எடுத்து ஓட்டிவிட்டேன். பள்ளம் போயே போச்சு! மேல் மூலைகளும் நடுவும் ஒரே அளவு. இரண்டு வாரமாக மண்டையைக் குடைந்தது ஒரு மூடியும் 50 கிளிக்கும்தானா?

மிச்சம் இரண்டு விஷயம். ஒன்று, படத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க ஆரஞ்சு சாயலில் வெளிச்சமாக இருக்கிறது. ஃப்ளாட் அதை ஏன் எடுக்கவில்லை? இரண்டாவது அந்தத் தூசி ஜோடிகள். எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஒவ்வொன்றும் 40 பிக்சல் அகலம் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒரே திசையில் தள்ளி இருந்தாலாவது கேமரா திரும்பிவிட்டது என்று நினைப்பேன். ஆளுக்கு ஒரு திசையில் இருக்கின்றன. ஒன்றுக்கு ஜோடியே இல்லை, வெறும் கறுப்பு. நான் கேமராவைக் கழற்றவே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

நியூட்டன் 130

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தூசி எங்கே இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். புள்ளியின் அகலத்தை பிக்சலில் எடுத்து, பிக்சல் அளவால் பெருக்கி, எஃப் எண்ணால் பெருக்கினால் சென்சாரிலிருந்து தூசி இருக்கும் தூரம் கிடைக்கும். உங்கள் கேமராவில் பிக்சல் 4.3 மைக்ரான். 40 × 4.3 × 6 = 1032 மைக்ரான். சுமார் 1 மிமீ. அப்படியென்றால் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியில்தான் தூசி. ஃப்ளாட்னரில் இருக்கும் தூசி என்றால் தூரம் 50 மிமீக்கு மேல், புள்ளி 2000 பிக்சல் அகலத்துக்குப் பரவி, கண்ணுக்கே தெரியாது. முன் லென்ஸில் கொசு செத்துக் கிடந்தாலும் படத்தில் உருவம் விழாது.

பக்கத்தில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டுக்காரர்கள் இதை டோனட் என்பார்கள். என் நியூட்டோனியனில் (கண்ணாடித் தொலைநோக்கி) நடுவில் சின்னக் கண்ணாடி மறைப்பதால் நிஜமாகவே ஓட்டை விழுந்த மெதுவடைதான் வரும். உங்கள் ரிஃப்ராக்டரில் மறைப்பு எதுவும் இல்லை. இட்லிதான் வரும்.

என்னைப் போல நியூட்டோனியன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பகலில் ஃப்ளாட் எடுத்தால் பெரிய கண்ணாடியின் பின்பக்கத்து இடைவெளி வழியாகவும், ஃபோகஸர் ஓரமாகவும் வெளிச்சம் கசியும். ராத்திரி எடுத்த லைட்டில் அந்தக் கசிவு இருக்காது. நான் மூன்று மாதம் பயஸ் மேலும் சாஃப்ட்வேர் மேலும் பழி போட்டுத் திரிந்தேன். கடைசியில் கறுப்புக் குடைத் துணியைப் பின்னால் கட்டியதும் சரியானது.

பழைய ஸ்டூடியோ

நியூட்டன் தம்பி சொன்ன 1 மிமீ கணக்கை வைத்துக்கொண்டு என் கேள்விக்குப் பதில் சொல். விடியற்காலை கேமராவை ஆஃப் செய்தாயா? மறுநாள் மதியம் ஆன் செய்தாயா?

செய்திருப்பாய். பேட்டரியை யார் வீணாக்குவார்கள். ஆனால் 600டியில் ஒவ்வொரு முறை ஆன் ஆஃப் செய்யும்போதும் சென்சார் முன்னாலிருக்கும் கண்ணாடியை அதுவே அதிர வைத்துத் தூசியை உதறும். ஆட்டோ கிளீனிங் என்று மெனுவில் இருக்கும். கல்யாண வீட்டு போட்டோவுக்கு நல்ல விஷயம். நமக்கு எமன். ராத்திரி ஒரு இடத்தில் இருந்த தூசி மதியம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் ஆளுக்கு ஒரு திசை. ஜோடி இல்லாத கறுப்புப் புள்ளி கீழே விழுந்து ஒழிந்திருக்கும். நீ கேமராவைக் கழற்றவில்லை என்பது உண்மைதான், கேமராவே உனக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டது.

மெனுவில் அதை டிசேபிள் செய்துவிட்டுத்தான் இனிமேல் ராத்திரி வேலையைத் தொடங்க வேண்டும். இந்த மார்ச் படத்துக்கு வைத்தியம் இல்லை. அன்று ராத்திரித் தூசி இருந்த வரைபடம் இப்போது யாரிடமும் கிடையாது. ஏழு புள்ளிதானே, கடைசியில் கையால் டச்சப் செய்துவிடு. முப்பது வருடம் நெகட்டிவில் பென்சிலால் பருவை மறைத்தவன் சொல்கிறேன், அதில் பாவம் ஒன்றும் இல்லை. நெபுலா மேலேயே விழுந்திருந்தால் மட்டும் கை வைக்காதே, இல்லாத வாயுவை வரைந்துவிடுவாய்.

ஆரஞ்சு சாயல் ஃப்ளாட்டின் வேலை இல்லை. உன் லென்ஸும் சென்சாரும் ஒளியை எவ்வளவு குறைக்கின்றன என்பதை மட்டும்தான் ஃப்ளாட் சொல்லும். அது பெருக்கல் கணக்கு, வகுத்தால் போகும். திண்டுக்கல் விளக்கு வானத்தில் கூடுதலாக வந்து சேர்ந்த ஒளி, அது கூட்டல் கணக்கு, கழித்தால்தான் போகும். முதலில் ஃப்ளாட்டால் வகுத்து, அடுக்கி முடித்த பிறகு பின்னணி நீக்கத்தில் கழித்துவிடு. வரிசையை மாற்றாதே. மூலை இருட்டையும் ஊர் வெளிச்சத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பின்னணி நீக்கத்தை ஓட்டினால் அது இரண்டையும் குழப்பி நெபுலாவின் ஓரத்தையும் தின்னும்.

சரி, அடுத்த அமாவாசைக்கு எப்படி எடுப்பது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆம்பூர் பக்கம் எங்கள் மாடியில் இதுதான் நடக்கிறது.

படம் முடிந்ததும் எதையும் தொடாமல் விட்டுவிடுவேன். கேமராவை ஆஃப் செய்வதில்லை, டம்மி பேட்டரி வழியாகக் கரண்ட். விடியலில் பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து, குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, குழாயை நேர் மேலே, கொஞ்சம் மேற்குப் பக்கம் சாய்த்து நிறுத்துவேன். சூரியன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். வேட்டியில் சுருக்கம் இருந்தாலும் கரை விழுந்தாலும் பெரிதாகக் கவலைப்படாதே. கொசுவே தெரியாத இடத்தில் மயில்கண் கரை எங்கே தெரியப்போகிறது. வேட்டி மேல் பக்கத்து வீட்டு டியூப்லைட் மட்டும் ஒரு பக்கமாக விழாமல் பார்த்துக்கொள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் அந்தி வெளிச்சத்தில் நிதானமாக எடுக்கலாம் என்று இருக்கும். நம்பிவிடாதே. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். மார்ச்சில் சூரியன் மறைந்து 6 டிகிரி கீழே போக நமக்கு 21 நிமிடம்தான். லண்டனில் அதே நாளில் 33 நிமிடம். விடியலிலும் அப்படித்தான், வெளிச்சம் ஓடி வரும். அதனால் மேனுவலில் வைத்துவிட்டு நகராதே. நான் ஒருமுறை ரோசெட் நெபுலாவை எடுத்துவிட்டு, 40 ஃப்ளாட்டுக்கு டைமரை அழுத்தி, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தேன். காக்கை கத்தித்தான் கண் விழித்தேன். பாதிக்கு மேல் நடுப்பகுதி முழுக்க வெளுத்துப்போய்விட்டது. மூலைகளில் மட்டும் சரியான எண், நடுவில் வெட்டுப்பட்ட எண். அதால் வகுத்தால் என்ன ஆகும் என்று இப்போது உனக்கே தெரியும்.

ஏவி மோடு இதற்கு நல்லதுதான், அதுவே நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். ஆனால் கேமரா முதுகில் தெரியும் ஹிஸ்டோகிராமை முழுசாக நம்பாதே, அது ஜேபெக்குக்கு உரியது. ஒரு படத்தை சிரிலில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார். உச்சவரம்பு 16,000க்குக் கொஞ்சம் கீழே. பச்சை 7000, 8000இல் நின்றால் நிம்மதி.

30 படம் போதும். ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான் விழுந்தால் இரைச்சல் அதன் வர்க்கமூலம், 100. அதாவது 1 சதவீதம். 25 படம் அடுக்கினால் 0.2. அதற்கு மேல் 100 படம் எடுத்தாலும் உன் 45 லைட்டில் வித்தியாசம் தெரியாது, ஷட்டர்தான் தேயும்.

முருங்கைக்காடு

ஏப்ரல் அமாவாசை முடிந்து வந்திருக்கிறேன். இந்த முறை கரீனா பத்தரை மணிக்கே உச்சிக்கு வந்துவிட்டதால் 52 படம் கிடைத்தன. ஆட்டோ கிளீனிங் டிசேபிள். டம்மி பேட்டரி இல்லாததால் இரண்டு முறை பேட்டரி மாற்றினேன், ஆனாலும் தூசி அசையவில்லை.

விடியற்காலை 6 மணிக்கு எழுந்து வேட்டி ஃப்ளாட். கழித்து, வகுத்து, அடுக்கி, கடைசியில் பின்னணி நீக்கம். ஒரு இட்லிகூட இல்லை. மூலையில் நான் முன்பு பார்க்கவே பார்க்காத மங்கலான வாயு இழை ஒன்று கரீனாவுக்குள் இருக்கும் கீஹோல் நெபுலாவுக்கு மேற்கே நீண்டு போகிறது. முதல் படத்தில் அது பளபளப்புக்கு அடியில் செத்துக் கிடந்திருக்கிறது.

ஒரே பிரச்சினை, கட்டிய வேட்டி தாத்தாவுடையது. விசேஷத்துக்கு எடுத்து வைத்திருந்தாராம். அதில் இப்போது நாலு ரப்பர் பேண்ட் தடமும் பனியும்.

பழைய ஸ்டூடியோ

துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடு. அடுத்த முறைக்கு உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள், கரை இல்லாததாக. ஆட்டோ கிளீனிங்கைத் திரும்ப ஆன் செய்தாயா? ஃப்ளாட் முடிந்த அன்றே செய்ய வேண்டும். மறந்து ஆறு மாதம் ஓட்டினால் ஏழு இட்லி எழுபது ஆகும்.